பின் சீட்டுக்குத் தெரியாத வளைவு

"முன்னால யாரு உக்கார்றது?" என்று கேட்டேன்.

"உயரமா இருக்கறவங்க," என்றான் என் புருஷன் சிக்வே. ஈரத்துணியால் இரட்டைச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டோ எடுக்கும்போது உயரமா இருக்கறவங்களைப் பின்னாலதானே நிக்க வெப்பாங்க?"

"அது போட்டோ."

"இதுவும் அப்படித்தானே? குட்டையா இருக்கறவங்களுக்கும் ரோடு தெரிய வேணாமா?"

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். கொஞ்சம் வேடிக்கைதான், முழுக்க இல்லை.

"இந்த வருஷம் நான் ஓட்டிப் பழகிக்கறேன், ஒட்னி. அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

"நிஜமாவா?"

"அட, நிஜமாத்தான்."

இந்தப் பேச்சு நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மே மாதம், எங்கள் வீட்டுக் கார் ஷெட். அந்த இரட்டைச் சைக்கிளை அன்று மதியம்தான் படகுத்துறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தான். ஹாலந்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி அதில் மலைக்குக் கிளம்பி, பாதி வழியில் சண்டை போட்டு, திரும்பி வந்து, துறையில் அதைச் சாய்த்துவிட்டு ஆளுக்கொரு பஸ்ஸில் போய்விட்டார்களாம். போகும்போது அந்த அம்மாள், "நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கல" என்று சிக்வேயிடம் சொல்லியிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் ராசியில்லாத வண்டி என்று விட்டிருப்பார்கள். சிக்வே அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும் நீளமான செயின். முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலும் நின்றுவிடும். அது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

'அடுத்த வருஷம்' என்று சொன்னதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

சிக்வே சாலைத் துறையில் வேலை செய்கிறான். எங்கள் ஊருக்கும் நெர்டாலுக்கும் நடுவில் இருக்கிற மலைச்சாலை நவம்பரில் மூடினால் ஜூனில்தான் திறக்கும். ஏப்ரல் கடைசியில் அவனும் அவன் கூட்டாளிகளும் பனி அள்ளும் வண்டிகளோடு ஏறி, ஐந்து வாரம் தோண்டுவார்கள். தோண்டி முடிக்கும்போது சாலைக்கு இரண்டு பக்கமும் பனி பஸ்ஸை விட உயரமாக, கத்தியால் வெட்டிய மாதிரி செங்குத்தாக நிற்கும். தார் காய்ந்துவிடும். ஆனால் தடுப்புக் கம்பத்தை உடனே தூக்க மாட்டார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வரவேண்டும், யாராவது வந்து பார்க்கவேண்டும். அந்த ஒன்றிரண்டு நாள் மலையில் ஒரு கார்கூடக் கிடையாது. அன்றைக்கு ஊரில் சைக்கிள் இருக்கிற எல்லோரும் கம்பத்தின் ஓரமாக வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து ஏறிவிடுவோம். அனுமதி கிடையாது. தடையும் கிடையாது. கேட்டால் என்ன சொல்வார்களோ என்று யாரும் கேட்பதில்லை. காவலுக்கு இருப்பவர்கள் எங்களைப் பார்த்ததும் திரும்பி, மலைகளுக்கு நடுவில் நீளும் கடல்கழியான ஃபியோர்டைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

பதினோரு கிலோமீட்டர் ஃபியோர்டு ஓரம், பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் ஆறு கிலோமீட்டர் சமதரை, அப்புறம் நெர்டால் வரைக்கும் ஒரே இறக்கம். அங்கிருந்து படகில் வீடு. வருஷத்தில் ஒருநாள், நாங்கள் இரண்டு பேரும், அந்தச் சைக்கிளும்.

அந்தப் படகில்தான் எனக்கு வேலை. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு கார்களைக் கைகாட்டி ஏற்றுவேன். எந்த லாரி முன்னால், எந்த வேன் பின்னால் என்று சொல்வேன். முறைப்பவர்கள் உண்டு, மறுப்பவர்கள் கிடையாது. நாளெல்லாம் ஊரார் வண்டிகளை முன்னே பின்னே நிறுத்துகிற எனக்கு, என் வீட்டு வண்டியில் இதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் படகில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பின் சீட்டைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். ஒரு மனிதனை அவன் முதுகை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சிக்வேயின் இடது தோள் இறங்கினால் களைத்துவிட்டான். கழுத்தில் மச்சத்துக்குக் கீழே சிவந்தால் எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். சாப்பாட்டு மேஜையில் முகத்துக்கு முகம் பேச வராத விஷயங்களையெல்லாம் சைக்கிளில் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசிவிடுவான். அவன் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று அந்தச் சைக்கிளில்தான் சொன்னான். என்னை முதலில் எங்கே பார்த்தான், அன்று நான் என்ன நிறத்தில் பூட்ஸ் போட்டிருந்தேன் என்று சொன்னதும் அதில்தான். அவன் தலைமயிர் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறியதை அவனை விட நன்றாகப் பார்த்தவள் நான்.

ஒன்று மட்டும் உண்டு. காற்று முன்னாலிருந்து வருகிறது. அவன் பேசுவதெல்லாம் என் காதில் வந்து விழும். நான் பேசுவதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விடும். இறக்கத்தில் மூன்று தடவை, "முன்னால நான் உக்காரட்டுமா?" என்று சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும், "என்ன?" என்று கத்தினான். மூன்று தடவையும் "ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன்.

அவ்வளவு என்ன அந்த முன் சீட்டில் என்று கேட்கலாம்.

இறக்கம் தொடங்கி இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு இருக்கிறது. பனி அள்ளும் ஆட்கள் அதற்கு 'ஜன்னல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரில் வந்துகொண்டே இருக்கிற சாலை அங்கே சட்டென்று திறந்து, எதிரே ஏரியும், ஏரிக்கு அப்பால் ரொம்பக் கீழே ஃபியோர்டும், நடுவில் ஒன்றுமே இல்லாமல் நிற்கும். மூன்று விநாடி. அடுத்த நொடி சாலை இடப்பக்கம் மடங்கிவிடும். அந்த மூன்று விநாடி முழுக்க முன் சீட்டுக்குத்தான். சிக்வேயின் முதுகைத் தாண்டி நான் பார்ப்பதற்குள் வண்டி திரும்பி, எனக்குக் கிடைப்பது கறுப்புப் பாறை.

ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "யா" என்பான். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வோம், வெளியே விடாமல் உள்ளே இழுத்து. அவன் விலா விரிவது எனக்குத் தெரியும். எதைப் பார்த்து விரிந்தது என்று தெரியாது. அந்த மலையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எனக்கு மனப்பாடம், முன்பக்கம் மட்டும் கேள்விப்பட்டதுதான்.

நின்று பார்த்திருக்கலாமே என்றால், பார்த்திருக்கிறேன். ஜூலையில் காரில் போய், பனியெல்லாம் போனபிறகு, ஜெர்மன்காரர்களுக்கு நடுவில் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நின்றுகொண்டு பார்ப்பது வேறு, அது நம்மேல் வந்து மோதுவது வேறு. எனக்கு மோத வேண்டும். மோதும்போது என் விலா விரிவதை, பின்னால் உட்கார்ந்து அவன் பார்க்க வேண்டும்.

நான்காவது வருஷம் அந்த ஆசையில் ஒரு காரியம் செய்தேன். ஜன்னல் வந்ததும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன். இரட்டைச் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மூக்கைச் சொறிந்தால்கூட முன்னால் கைப்பிடி ஆடும். நான் அரை உடம்பைச் சாய்த்தேன். முன் சக்கரம் பனிச்சுவரில் ஏற, அடுத்த நொடி இரண்டு பேரும் பனிக்குள் இருந்தோம். எனக்கு ஒன்றும் இல்லை. சிக்வேக்குத் தோளில் காறையெலும்பு முறிந்துவிட்டது.

ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான். ஊரில் கேட்ட எல்லோரிடமும், "பிரேக்கைத் தப்பாப் பிடிச்சுட்டேன்" என்றான். டாக்டரிடமும் அதையே சொன்னான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் அதையே சொன்னான். நான் சாய்ந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அப்புறம் எப்படிக் கேட்பது? சாய்ந்து விழவைத்தவள், "இப்ப முன்னால நான்" என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் ஆசை போகவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் மலையில் வேலையாக இருந்த ஒரு வாரம், நானும், டீரில் என்ற எங்கள் மகளும் அந்தச் சைக்கிளைத் திருட்டுத்தனமாகப் படகுத்துறைக் கார் நிறுத்தத்துக்கு உருட்டிக்கொண்டு போனோம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முன் சீட்டுக் கம்பியை என் உயரத்துக்கு இறக்கினேன். அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கோடுகளுக்கு நடுவில் சுற்றினேன். முதல்நாள் இரண்டு தடவை விழுந்தோம். நான்காவது நாள், "அம்மா, நீ அப்பாவை விட நல்லா திரும்பற" என்றாள். மறுபடி கம்பியை ஏற்றும் முன், என் உயரம் எது என்று மறக்காமல் இருக்க நகப்பாலிஷால் அதில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு போட்டேன். சீட்டுக்கு அடியில் தொங்கும் தோல்பை அதை மறைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மலைநாளும் என் சட்டைப் பையில் ஆலன் கீ என்கிற திருகுச் சாவி இருக்கும். இரண்டு திருகைத் தளர்த்தினால் போதும், சீட் இறங்கிவிடும். சாவி என்னோடு மலை ஏறும், என்னோடு இறங்கும்.

இந்த வருஷம் ஏப்ரலில், காலைச் சாப்பாட்டின்போது சிக்வே செய்தித்தாளைப் பார்த்தபடி சொன்னான்: "எலெக்ட்ரிக் சைக்கிள் ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு."

"அது?" என்றேன். எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"பெர்கன்ல ஒரு ஜோடி கேக்கறாங்க. ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறோம்னாங்க. அதுக்கு முன்னாடி ஒருதடவை போயிட்டு வந்துடலாம்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் ஜாமை ரொட்டியின் நாலு மூலைக்கும் தடவிவிட்டு, "சரி, நல்லதுதான்" என்றேன். ஒருவர் முடிவு செய்து, ஆளையும் பார்த்து, நாளையும் குறித்துவிட்டால் அதைக் கலைப்பது எங்கள் ஊரில் அநாகரிகம். அந்த நாகரிகத்திலேயே பாதி வாழ்க்கை போய்விடுகிறது.

சனிக்கிழமை மலைநாள் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரோண்ட்ஹெய்மிலிருந்து டீரில் போன் செய்தாள்.

"அம்மா, சொல்லிட்டியா?"

"நாளைக்கு."

"உன் நாளைக்கு எனக்குத் தெரியாதா? நான் ஸ்கூல் படிக்கும்போதே கேட்ட நாளைக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி போயிடும்மா."

"தெரியும்டி."

"நான் அப்பாகிட்ட சொல்லவா?"

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

"அப்ப நீ திற," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மேகம் ஒன்றுகூட இல்லை. ஃபியோர்டு ஓரம் ஆப்பிள் மரங்கள் பூத்து முடிந்து, தார் மேல் இதழ் ஒட்டிக்கிடந்தது. பதினோரு கிலோமீட்டரும் சிக்வே ஒன்றும் பேசவில்லை. கழுத்து சிவந்திருந்தது.

தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஹல்வர் தன் பனி அள்ளும் வண்டியின் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சிக்வேயோடு இருபத்தைந்து வருஷம் வேலை செய்பவன். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைத் தட்டினான்.

"வாங்க வாங்க! ராஜாவும் வந்தாச்சு, மூட்டையும் வந்தாச்சு!"

"மூட்டைக்குக் காது இருக்கு," என்றேன்.

"ஒட்னி, உண்மையைச் சொல்லு. பின்னால நீ பெடல் போடறியா, இல்ல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஸ்வெட்டர் பின்னறியா?"

இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்த எல்லோரிடமும் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஹல்வர் இதை இருபதாவது தடவையாகக் கேட்கிறான்.

"போன வருஷம் சாக்ஸ் முடிச்சேன். இந்த வருஷம் உனக்கு ஒரு தொப்பி பின்னலாம்னு."

"என் தலை சைஸுக்கு நீ நாலு மலை ஏறணும்."

"அஞ்சு," என்றான் சிக்வே. அவன் அன்று பேசிய முதல் வார்த்தை. சொல்லிவிட்டு, ஒதுங்கிவிட்டு வருவதற்காகப் பனிச்சுவருக்குப் பின்னால் போனான்.

ஹல்வர் குரலைத் தாழ்த்தினான். "இதை விக்கறானாமே?"

"ஆமா. நாளைக்கு வர்றாங்க."

"ஏண்டா இப்படி செய்யறேன்னு கேட்டேன். 'அவ பத்தொன்பது வருஷமா என் முதுகைப் பார்த்துக்கிட்டே மலை ஏர்றா, அவளுக்கும் முன்னால ஒரு ரோடு வேணாமா'ன்னான். அவன் இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல."

எனக்கு ஹெல்மெட் பட்டி திடீரென்று இறுக்கமாக இருந்தது. அவிழ்த்து மறுபடி மாட்டினேன். கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் விடையைத் தப்பாக எழுதியிருக்கிறான் இந்த மனுஷன். எனக்கு முன்னால் ரோடு வேண்டும்தான். அவன் இல்லாத ரோட்டை யார் கேட்டது?

சிக்வே வந்தான். மூன்று பேருமாகச் சைக்கிளைத் தூக்கிக் கம்பத்தின் அந்தப் பக்கம் வைத்தோம். ஹல்வர் முறைப்படி திரும்பி ஃபியோர்டைப் பார்த்தான்.

ஏற்றத்தில் காற்று இல்லை. நான் பேசினால் கேட்கும். ஆனால் பேச மூச்சு வேண்டுமே. முதல் ஆறு கிலோமீட்டர் இரண்டு பேரும் மாடு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு போனோம். பிர்ச் மரங்கள் குட்டையாகி, நின்றுபோயின. பனிக்கு நடுவில் ஓடை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சின்ன ஏரி வந்தது. நடுவில் இன்னும் உறைந்து, ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே சாய்வு கொஞ்சம் குறையும். சிக்வே வாயைத் திறந்தான்.

"மூணாவது கியர் வழுக்கும்னு அந்தப் பெர்கன்காரங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லு."

"சொன்னா வாங்காம போயிடுவாங்களோ?"

"அப்ப சொல்லாதே."

கொஞ்ச தூரம் மிதித்தோம்.

"சொல்லிடலாம்," என்றான். "பின் பிரேக்கும் சத்தம் போடும். அதையும் சொல்லிடலாம். பெல்லு சரியில்ல."

"பெல் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு எப்பவுமே அந்தச் சத்தம் பிடிச்சதில்ல."

பொய். போன வருஷம் ஆடுகளைப் பார்த்து அந்த மணியை அடித்துச் சிரித்தவன் அவன். நான் அவன் சட்டையின் பின் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து உறை பிரித்து, தோளுக்கு மேல் நீட்டினேன். அவன் திரும்பாமலே வாயால் வாங்கிக்கொண்டான். இது எங்களுக்குப் பழக்கம். புதுச் சைக்கிள்களில் யார் யாருக்கு எப்படி ஊட்டுவது என்று ஒரு கணம் யோசித்தேன்.

உச்சியில் பனி அள்ளுபவர்கள் ஒதுங்குகிற கல்வீடு ஒன்று இருக்கிறது. அதன் தெற்குச் சுவர் வெயிலில் சூடாகியிருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, தெர்மாஸ் காப்பி, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு. வருஷா வருஷம் இதேதான். இங்கிருந்து சமதரை ஆறு கிலோமீட்டர். அப்புறம் இறக்கம். அப்புறம் ஜன்னல்.

"இங்கயே சொல்லிடணும்," என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கிளம்பிவிட்டால் காற்று வந்துவிடும்.

"கத்தி எங்க?" என்று கேட்டேன், ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டு.

"சீட்டுக்கு அடியில, பைக்குள்ள."

எழுந்துபோய்த் தோல்பையின் வாரை அவிழ்த்தேன். பை கையோடு வந்தது. அதன் பின்னால் இருந்த சீட்டுக் கம்பியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன்.

பழைய கம்பி இல்லை அது. பழையது வெள்ளி நிறம், கீறல் விழுந்தது. இது புத்தம் புதுசு, கறுப்பு. உப்பில் அரித்துப்போய்விட்டது என்று போன வாரம் ஷெட்டில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தானே, இதுதான் போலிருக்கிறது. அந்தப் புதுக் கறுப்புக் கம்பியில், நான் போட்ட அதே இடத்தில், ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நகப்பாலிஷ் இல்லை. அவன் வேலையில் குறி போட வைத்திருக்கிற சிவப்புப் பெயின்ட். நான் அவசரத்தில் கோணலாகப் போட்டிருந்தேன். அவனும் அதே கோணலோடு போட்டிருந்தான்.

கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

"சிக்வே."

"கிடைக்கலையா?"

"இந்தக் கோடு யார் போட்டது?"

அவன் கப்பைக் கீழே வைத்தான். "நான்தான்."

"எதுக்கு?"

"பழசுல இருந்துச்சு. புதுசுல இல்ல. அதான்."

"அது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது." கொஞ்சம் யோசித்தான். "நீ போட்டதுன்னு தெரியும். உன் நகத்துல அந்தக் கலர் இருந்துச்சு அப்ப."

"அப்பன்னா எப்ப?"

"டீரில் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது. நான் மலையிலேர்ந்து இறங்கி வந்த வாரம்."

பன்னிரண்டு வருஷம். பை மறைத்திருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்த பன்னிரண்டு வருஷமும் அவன் செயினுக்கு எண்ணெய் போடும்போது, டயர் மாற்றும்போது, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உன்னோடது," என்றான். "நீயே ஒருநாள் சொல்வேன்னு இருந்தேன்."

"நாளைக்கு யாரோ எடுத்துட்டுப் போற வண்டிக்கு அளந்து கோடு போட்டியா?"

"ரெண்டு தடவை அளந்தேன்." கழுத்து சிவந்தது. இந்தத் தடவை முன்பக்கத்திலிருந்து பார்த்தேன், முகம் முழுக்க அப்படியே சிவக்கும் என்று எனக்குத் தெரியாது. "உனக்கு ஏதோ ஒண்ணுக்கு வேணும்னுதானே போட்டிருப்ப. இல்லாம விட மனசு வரல."

கல்வீட்டுக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஹாலந்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன். சொல்லித் தீர்த்து, சண்டை போட்டு, ஆளுக்கொரு பஸ்ஸில் போனவர்கள். நாங்கள் சண்டையே போடாமல் ஆளுக்கொரு சைக்கிளில் போகவிருந்தோம்.

சட்டைப் பையில் கையை விட்டேன். ஆலன் கீ உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே எடுத்து, அவன் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்தேன். அவன் சாவியைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான், எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் முதல்முறையாக அளப்பவன் போல. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்க மாட்டான். உன்னோடது, நீயே சொல் என்று காத்துக்கொண்டிருந்தான். காற்று துளிக்கூட இல்லை.

"சிக்வே," என்றேன். "முன்னால நான் உக்காரட்டுமா? நீ என் பின்னால வர்றியா?"